அம்புக்குறி ஒட்டிய 89

196 எத்தனை வரியில் முடியும்? மகள் கேட்டு ஒரு மாதமாகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

ஆறாம் வகுப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த விளையாட்டு இது. ஓர் எண்ணைத் திருப்பிப் போட்டு அதனுடனேயே கூட்ட வேண்டும். 57-உடன் 75 சேர்ந்தால் 132. அதனுடன் 231 சேர்ந்தால் 363. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. இரண்டு வரியில் முடிந்தது. இப்படி வரும்வரை விடாமல் கூட்ட வேண்டும்.

மகள் 89-ஐ எடுத்தாள். நோட்டு போதவில்லை. அவள் அப்பா கட்டிங் மாஸ்டர். துணி வெட்டியபின் மிஞ்சும் நீளமான மார்க்கர் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். பத்து வரி தாண்டியும் முடியாததைப் பார்த்து, எங்கோ தப்பு செய்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். பனியன் கம்பெனியில் செக்கிங் என் வேலை. பழுதுள்ள இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கைப்பையில் கிடந்த ஒன்றை 85189247 என்ற வரிக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

"வேற நம்பர் எடு கண்ணு. இதுல எங்கியோ கோளாறு."

"கூட்டிப் பாத்தீங்களாம்மா?"

பார்க்கவில்லை.

"பீஸைப் பிரிக்காமயே ரிஜெக்ட் பண்றாங்க அம்மிணி, உங்கம்மா" என்று அவர் சிரித்தார்.

அவள் ஸ்டிக்கரை எடுக்கவில்லை. அதற்குக் கீழே எழுதிக்கொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமை காலை இருபத்து நான்காவது வரியை நீட்டினாள்: 8813200023188.

"இப்பவாச்சும் செக் பண்ணுங்க."

பனியனை நடுவில் மடித்துத் தோளும் தோளும் சேர்கிறதா என்று பார்ப்போம். அதுபோல் நடுவிலிருந்த பூஜ்ஜியத்தில் தாளை மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டின் மேல் எட்டு, மூன்றின் மேல் மூன்று, இரண்டின் மேல் இரண்டு. பிறகு எல்லா வரிகளையும் கூட்டினேன். ஒரு பிசகும் இல்லை. நூற்றுக்குள் மற்ற எண்கள் ஆறு வரிக்குள் முடிந்துவிடுகின்றன. 89-உம் 98-உம் மட்டும் இவ்வளவு தூரம் போய், இவ்வளவு சுத்தமாக வந்து நிற்கின்றன. அந்தப் பதின்மூன்று இலக்கத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. அதைவிட அதிகம் அவளைப் பார்த்தேன்.

அந்தத் தைரியத்தில் இப்போது 196. பள்ளி விட்டு வந்ததும் தாளை விரித்துவிடுகிறாள். போனில் தேடிப் பார்த்தேன். கம்ப்யூட்டர்கள் கோடிக்கணக்கான இலக்கம்வரை கூட்டியும் முடிவு வரவில்லையாம். வரவே வராது என்றும் யாரும் நிரூபிக்கவில்லையாம்.

"அவளா நிறுத்தட்டும், உடு" என்கிறார் அவர். தாள் தீர்ந்து, மூன்றாவது துண்டு ஒட்டியாகிவிட்டது. சொன்னால், பார்க்காமலே இன்னோர் அம்புக்குறி ஒட்டியதாக நினைப்பாளோ? சொல்லாவிட்டால், தெரிந்தும் மறைத்தவள் ஆவேனோ?

பிள்ளை வளர்த்த அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். அவளிடம் சொல்லிவிடலாமா, இல்லை நாலாவது துண்டுத் தாள் கேட்டு வாங்கிக் கொடுக்கட்டுமா?