அதிகாரிக்கு ஒரு சொம்பு தண்ணீர்

1991-ஆம் வருடத்துக் கடைசி. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை என்று சொன்னாலே, கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு "அந்தக் குண்டு வெடிச்ச இடத்தைப் பார்த்தீங்களா?" என்று விசாரித்த வருடம். நான் வேலை பார்த்தது அங்கிருந்து தள்ளி, ஓரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவே ஒரு கிராமத்தில். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். கண்ணில் படுகிற அநியாயத்தையெல்லாம் பேனாவாலேயே குத்திச் சாய்த்துவிடலாம் என்று நம்புகிற வயது.

அநியாயம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. ஊருக்கு மேற்கே ஒரு கம்பெனி. பெயர்ப்பலகை கிடையாது. ஊரில் அதை 'மருந்து கம்பெனி' என்பார்கள். என்ன வியாதிக்கு மருந்து என்று ஒருவருக்கும் தெரியாது. அதன் சுவர் ஓட்டையிலிருந்து டிக்காக்ஷன் நிறத்தில் ஒரு திரவம் வாய்க்காலில் இறங்கி, ஊர்க் கிணற்றை உரசிக்கொண்டு ஏரிக்குப் போகும். அழுகின முட்டையை மண்ணெண்ணெயில் பொரித்த மாதிரி ஒரு நாற்றம். கிணற்றடித் தொட்டியை மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பி நம்மை ஒரு பார்வை பார்க்கும். மாடுகளுக்காவது வேறு குட்டை இருந்தது. மனிதர்களுக்கு அந்தக் கிணறுதான்.

எனவே ஒரு கிணறு பாதுகாப்புக் குழு ஆரம்பித்தோம். நான் செயலாளர். தலைவர், ஊரின் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். பதவி போயும் பழக்கம் போகாத மனிதர். மற்றவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். அது அவர்களுக்குத் தெரியாது.

மனு எழுதினேன். பதில் இல்லை. இன்னும் நன்றாக எழுதினேன். ஒவ்வொரு தடவையும் இலக்கிய நயம் கூடிக்கொண்டே போனதில், கடைசி மனுவில் கிணறு என்ற சொல்லே விட்டுப்போயிருந்தது. தலைவர்தான் அதைக் கண்டுபிடித்தார்.

"நல்லாத்தான் கீது வாத்தியாரே. படிச்சா அழுவ வருது. ஆனா இன்னா வோணும்னு நாம கேக்கவே இல்லியே."

கடைசியில் காரியம் நடந்தது மனுவால் இல்லை. காஞ்சிபுரத்தில் சம்பந்தப்பட்ட அதிகாரியின் ஜீப் டிரைவர், தலைவருக்கு ஏதோ ஒரு வழியில் மச்சான். அதிகாரி செவ்வாய்க்கிழமை வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட வருகிறார், அப்படியே உங்கள் வாய்க்காலையும் பார்ப்பார் என்று டிரைவர் சொல்லியனுப்பினார். அதிகாரி நேரில் பார்த்து, கெட்டுத்தான் போயிருக்கிறது என்று சொன்னால்தான் கம்பெனிக்கு நோட்டீஸ் போகும். இந்தத் தடவை தவறினால் அடுத்து எப்போது என்று முருகனுக்கே தெரியாது.

நான் கோயில் வாசலில் அவரைப் பிடித்து அழைத்து வருவது, தலைவர் ஊரில் ஏற்பாடுகளைக் கவனிப்பது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஏற்பாடு என்றால் ஜனங்களைக் கூட்டி நிறுத்துவது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி நெற்றி நிறைய விபூதியோடு ஜீப்பில் ஏறினார். வழியெல்லாம் நான் தண்ணீரின் அவலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகக் கேட்டார். தூங்கினார் என்று டிரைவர் பிற்பாடு சொன்னார்.

ஊர் எல்லை வந்ததும் அவர் தோளைத் தொட்டேன். "சார், கைக்குட்டை எடுத்துக்குங்க. நாத்தம் இங்கேயே ஆரம்பிச்சிடும்."

அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். ஜீப் திரும்பியது. சாம்பிராணி வாசனை வந்தது.

அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதர் யார் வந்தாலும் தெருவை அலம்பி, இரண்டு ஓரமும் சுண்ணாம்புக் கோடு போட்டு, பிளீச்சிங் பவுடர் தூவிவிடுவார்கள். நான் அதை மறந்துபோயிருந்தேன். ஊர் மறக்கவில்லை. வாசலுக்கு வாசல் கோலம். வாய்க்கால் கழுவித் துடைத்தது போல, அடியில் மணல் தெரியக் கிடந்தது. கிணற்றைப் புதுத் தகரத்தால் மூடி, அதன்மேல் மாவிலையும் தேங்காயும் வைத்த செம்பு. பக்கத்தில் தலைவர், கையில் மாலையோடு.

மாலை போட்டு முடித்ததும் அவரை ஓரமாக இழுத்துப் போனேன். "என்ன தலைவரே பண்ணி வெச்சிருக்கீங்க?"

"பின்ன? வர்றவரு நம்ம ஊரப் பத்தி இன்னா நெனப்பாரு? வெடியகாலமே வாய்க்காலுக்கு மேலண்ட மண்ணு மூட்டை போட்டு அடச்சிட்டோம். வல்லக்கோட்டைலேர்ந்து டிராக்டர்ல ட்ரம் ட்ரம்மா நல்ல தண்ணி கொண்டாந்து கழுவி வுட்டோம். நம்ம கெணத்துத் தண்ணில கழுவுனா நாறாது?"

"நாத்தத்தைக் காட்டத்தானே அவரைக் கூப்பிட்டோம்?"

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "அத்தத்தான் நீங்க பக்கம் பக்கமா எழுதி வுட்டீங்களே."

கம்பெனிக்காரன் ஆள் வைத்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்க மாட்டான்.

அதிகாரி வாய்க்கால் ஓரமாக நடந்துவிட்டு வந்து கேட்டார். "நீங்க எழுதினது இந்த ஊரைப் பத்தித்தானா?"

மண்மூட்டை விஷயத்தைச் சொன்னேன்.

"அடைச்சது யாரு?"

"நாங்கதான்."

"திறக்கப் போறது?"

"நாங்கதான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த மாடுகள் ஞாபகம் வந்தன. "நீங்களே அடைச்சு, நீங்களே கழுவி, நீங்களே திறந்தா, உள்ள என்னத்தக் கலந்தீங்கன்னு கம்பெனிக்காரன் கேக்க மாட்டானா? நான் என்னன்னு எழுதறது? நல்லா சுத்தமா வெச்சிருக்கீங்க, சந்தோஷம்." ஜீப்பில் ஏறிவிட்டார்.

டிரைவர் சாவியைத் திருகப் போகும்போது, அதிகாரி சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கையை வெளியே நீட்டினார். "கொஞ்சம் தண்ணி."

தலைவர் டிராக்டரைப் பார்த்தார். ட்ரம்கள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. ஊரில் இருந்த நல்ல தண்ணீர் முழுவதும் வாய்க்காலில் போயிருந்தது.

"கலர் சோடா கீது சார், ஜில்லுனு."

"சக்கரை வியாதி. தண்ணி குடுங்க." மாத்திரை கரைய ஆரம்பித்து முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

கிணற்றுக்கு எதிர் வீட்டு அக்கா, பதற்றத்தில் உள்ளே ஓடிப்போய்ச் சொம்போடு வந்தார். ஜீப்புக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். சொம்பை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"குடும்மா" என்றார் அதிகாரி.

"வேணாம் சார்."

"ஏன்?"

"இது கெணத்துத் தண்ணி."

"கிணத்துத் தண்ணின்னா என்ன? நீங்க குடிக்கலியா?"

"நாங்க குடிக்கிறோம். புள்ளைங்களுக்கும் அதான் குடுக்கறேன். பழகிப்போச்சு." சொம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வூட்டாண்ட வந்தவங்களுக்கு எப்டி சார் குடுக்கிறது? மனசு வர்ல."

அதிகாரி மாத்திரையை வெறும் வாயோடு விழுங்கினார். இறங்கி வந்து, சொம்பை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு அவரே போய்க் கிணற்றின் மேலிருந்த தேங்காயை எடுத்துத் தலைவர் கையில் கொடுத்தார். "தகரத்த எடுங்க. மூட்டை எங்க போட்டிருக்கீங்க? நானே வரேன்."

மூட்டைக்கு அந்தப் பக்கம், கம்பெனிச் சுவரோரம், விடியற்காலையிலிருந்து இறங்கின திரவம் முழுவதும் போக வழியில்லாமல் குட்டையாகத் தேங்கி நின்றது. எங்கள் கை படாத, கலப்படமில்லாத நாற்றம். அதை நாங்களே அவருக்காகச் சேர்த்து வைத்திருந்தோம். கைக்குட்டை உபயோகப்பட்டது. டிரைவர் சீசாவில் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா வாத்தியாரே, நம்ம ஏற்பாடு" என்றார் தலைவர். அவருக்கு எப்போதும் சந்தேகமே வந்ததில்லை.

கம்பெனி மூடவில்லை. நோட்டீஸ் போனது, ஓட்டையை அடைத்து உள்ளேயே தொட்டி கட்டினார்கள். கிணறு தேறி வருவதற்கு நாளாயிற்று. அதுவரை வல்லக்கோட்டையிலிருந்து டிராக்டர்தான். இந்தத் தடவை கழுவுவதற்கு இல்லை, குடிப்பதற்கு. இடையில் டிராக்டர் நின்றுபோய் மறுபடி மனு எழுத வேண்டி வந்தபோது, "உங்களுக்குக் கொடுக்க மனசு வராத தண்ணீரை நாங்கள் குடிக்கிறோம்" என்று ஒரே வரி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்து தண்ணீர் கேட்டால், எடுத்துக்கொண்டு வரும் வழியில் என் கை ஒரு கணம் நின்று போகிறது: நமக்கென்று வரும்போது எதை வேண்டுமானாலும் விழுங்கிப் பழகிவிடுகிறோம், அதையே இன்னொருவருக்கு நீட்டும்போதுதான் அது என்னவென்று தெரிகிறது.