சீனக் கணக்கில் பதினைந்து

பஸ் இரண்டு நிமிடம் பிந்தினாலே படபடப்பு வந்துவிடுகிற வயது எனக்கு. கவலைப்படவும் எண்ணவும் மட்டுமே பிறந்தவன் என்று மனைவி சொல்வாள். அப்படிப்பட்டவனுக்கு ஒருமுறை ஒரே நாளில் இரண்டு வயது கூடியது.

சுவிஸில் பூம்ப்ளிஸ் என்ற ஊருக்கு நாங்கள் வந்த முதல் கோடை. ஓகஸ்ட் முதலாம் திகதி இந்த நாட்டின் தேசிய நாள். வீட்டுக்கு வீடு வாணம் விடுவார்கள். அப்பா ஒரே ஒரு பெரிய வாணம் வாங்கிவந்து, பதினைந்து வயது ஆனவன்தான் கொளுத்தலாம் என்று சட்டம் போட்டார். எங்களோடு இருந்த பெரியப்பா மகனுக்குப் பதினைந்து. எனக்குப் பதின்மூன்று.

“நீ மத்தாப்பைப் பிடிச்சுக்கொண்டு அம்மாவோட நில்லடா” என்றான் அவன்.

அப்பா ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவினார். அவர் மறந்துவிட்டுப் போன வீட்டுத் திறப்பைக் கொடுக்கப் போன என் வாடிய முகத்தைப் பார்த்து, அங்கிருந்த சீனச் சமையற்காரர் விசாரித்தார். அவருடைய ஜெர்மன் என்னுடையதைவிட மோசம். பிறந்த மாதத்தைக் கேட்டு, விரல் மடித்து, பதினைந்து என்றார். அவர்கள் ஊரில் பிள்ளை பிறக்கும்போதே ஒரு வயதாம். வயிற்றில் இருந்தது வேறு ஆளா என்று என்னையே கேட்டார். பிறகு புத்தாண்டு வரும்போது ஊருக்கே ஒரு வயது ஏறுமாம். கார்த்திகையில் பிறந்த நான் தவழுமுன்பே இரண்டு வயதுக்காரன். திரும்பவும் கூட்டிப் பார்த்தேன். பிழையில்லை.

மாலையில் முற்றத்தில் வழக்கை வைத்தேன்.

“இது சுவிஸ், சீனா இல்லை” என்றார் அப்பா.

“அந்தக் கணக்கில பார்த்தாலும் நான்தான் மூப்பு” என்றான் பெரியப்பா மகன்.

“மூப்பை ஆர் கேட்டது? எனக்குப் பதினைஞ்சு ஆச்சோ இல்லையோ?”

மேலே பல்கணியில் நின்ற அம்மா சொன்னார்: “வயித்தில இருக்கிறதையும் ஆளா எண்ணுற சனம் பிழையாச் சொல்லாது. அவனிட்டையே குடுங்கோ.”

எதற்கும் மறுப்புச் சொல்கிற அப்பா, அண்ணாந்து அம்மாவைப் பார்த்தார். லைட்டரை என்னிடம் நீட்டினார்.

போத்தலில் நட்ட வாணம் சீறிக்கொண்டு நாலு மாடிக்கும் மேலே போய்ச் சிவப்பாக விரிந்தது. அயல் பல்கணிகளில் கை தட்டினார்கள். பெரியப்பா மகன்கூட விசிலடித்தான். அதற்கு ஈடான வெற்றி இந்த நாட்டில் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை, குடியுரிமை கிடைத்த நாள் உட்பட.

அம்மா ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்காகத்தான் என்று நினைத்தேன். அப்பா வாணத்தைப் பார்க்கவேயில்லை, பல்கணியையே பார்த்துக்கொண்டு நின்றார். காசு கொடுத்து வாங்கியதைப் பார்க்காமல் நிற்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வேறு.

எங்கள் வீட்டில் நாலு பேர் என்றுதான் அன்றைக்கும் எண்ணியிருந்தேன். மார்கழியில் தங்கை பிறந்தாள்.