அணைந்துபோன போனுக்காக ஆண்டவருக்கு நன்றி

அன்பான பங்கு மக்களே, என் பெயர் அருள்மேரி. முகையூர்ப் பக்கம் பிறந்தவள், திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். இப்போது கணவர் அந்தோணியோடு மஸ்கட்டில் இருக்கிறேன். ஆண்டவர் என் கணவரின் உயிரைக் காத்த கதையைச் சொல்லப்போகிறேன். இதே கதையை என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், ஏற்கெனவே மைக் பிடித்துச் சொல்லிவிட்டார். அதில் உண்மையாக இருந்தது என் கணவரின் பெயர் மட்டும்தான்.

அன்று வெள்ளிக்கிழமை, விடுமுறை. மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. இடது கை மரத்துப்போகிறது என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆம்புலன்ஸை அழைக்க வேண்டியவள் யாரை அழைத்தேன் தெரியுமா? திண்டிவனத்தில் இருக்கும் மூத்தாரை. எங்கள் குடும்ப வழக்கம் அது. மாடு வாங்கினாலும் மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் பெரியவரைக் கேட்க வேண்டும். கடல் தாண்டியும் அந்தக் கிரகம் கூடவே விமானம் ஏறி வந்திருந்தது.

மூத்தாருக்கு டிராக்டர் உதிரிபாகக் கடை. செபக்குழுத் தலைவரும் அவர்தான். வீடியோவில் தம்பியின் முகத்தைப் பார்த்ததுமே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கேஸும்மா அது. ஓம வாட்டர் குடு. ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு பேஜாரு பண்ணிக்கினு இருக்காத. போன அவன் நெஞ்சு மேல வைய்யி, நான் செபம் பண்றேன்."

கொடுத்தேன். வைத்தேன். விழுப்புரத்திலிருந்து நாத்தனாரும் போனில் சேர்ந்துகொண்டார். மூத்தாரின் செபம் ஆதாம் ஏவாளில் தொடங்கி மெதுவாக நடந்து வந்தது. அது மோசேயைத் தொடுவதற்குள் என் கணவரின் உதடு கறுத்துவிட்டது. பேச்சு வராமல் கதவைக் காட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா மாமா என்று நடுவில் கேட்டேன். நம்பிக்கை கெட்டவள் என்று அதட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

போனை வைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்பீர்கள். மூத்தார் செபிக்கும்போது போனை வைக்கிற மருமகள் எங்கள் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. மரியாதையாம். அந்த மரியாதைக்காக என் புருஷன் செத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நான் செபித்தேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "மாதாவே, இந்த மனுசன் வாய அடைக்க முடியலன்னா இந்தப் போனயாவது அணைச்சிடு" என்றேன்.

போன் அணைந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை. வீடு அமைதியானது. அந்த அமைதியில்தான் எனக்குப் புத்தி வந்தது. ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அங்கே இருந்தவர் ஒரு பாகிஸ்தானி டிரைவர். பள்ளிவாசல் தொழுகை முடிந்து வந்து அப்போதுதான் தட்டின்முன் உட்கார்ந்திருந்தார். அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. என் முகத்தைப் பார்த்தார், சோற்றுக் கையோடு எழுந்து வந்தார். என் கணவரைத் தூக்கிக் காரில் போட்டார். என் மூத்தாரைப் போல அவர் யாரிடமும் தன்னை நம்பிக்கை வீரன் என்று சொல்லிக்கொண்டதில்லை.

மாரடைப்பு என்றார் மருத்துவர். உடனே உள்ளே கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஓம வாட்டர் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றார். நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு போனுக்குச் சார்ஜ் போட்டேன். மூத்தாரின் குரல்செய்தி காத்திருந்தது. "ஏம்மா கட் பண்ண? செபம் இன்னும் முடியல."

விடுமுறைக்கு ஊர் வந்தபோது திண்டிவனத்தில் நன்றிக் கூட்டம். "இங்கிருந்தே கை நீட்டினேன், கடல் தாண்டி அடைப்பு கரைந்தது" என்று மூத்தார் முழங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். நெஞ்சுக்குள் ஸ்டென்ட்டோடு என் கணவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். காரில் தூக்கிப் போட்ட அந்த டிரைவர் பாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆண்டவர் அனுப்பிய ஆள், இவர்களுடைய செபக்குழுவில் உறுப்பினர் இல்லையே.

போன மாதம் மூத்தாருக்கும் நெஞ்சில் லேசாகக் குத்தியது. அவர் ஓம வாட்டர் கேட்கவில்லை. போனைத் தன் நெஞ்சில் வைத்துச் செபிக்க யாரையும் கூப்பிடவில்லை. ஜல்தியாகக் காரை எடுக்கச் சொல்லிப் புதுச்சேரிக்குப் பறந்துவிட்டார். அவருக்கு வந்தது நிஜமாகவே வெறும் கேஸாம்; மருத்துவரே சொல்லிவிட்டார்.

இப்போது நான் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. தினமும் செபமாலையில் பாய்க்காக ஒரு மணி உருட்டுகிறேன். உங்களுக்கும் சொல்கிறேன், மாதாவை நம்புங்கள், அவள் கேட்பாள். ஆனால் முதலில் வண்டியில் ஏறுங்கள். போகிற வழியில் செபியுங்கள்.