கோழிக்கூட்டில் இருந்த கிட்டார் கம்பி

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நாள் நான் வாய் திறந்தேன். அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து என் சித்தப்பா பட்டாளத்திலிருந்து திரும்பியபோது எனக்கு ஒன்பது வயது. வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மற்றவர்கள் டிரங்குப் பெட்டியும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். சித்தப்பா கொண்டுவந்தது எலெக்ட்ரிக் கிட்டார். கல்கத்தாவில் ஓர் அமெரிக்க சிப்பாய் கப்பலேறும்போது கொடுத்தது. மடியில் கிடத்தி வாசிக்க வேண்டும். உள்ளே குடைவில்லாத வெறும் கட்டை. மைக்செட்டில் மாட்டினால்தான் பேசும். எங்கள் பக்கம் மின்சாரம் வராத காலம் அது. கொசு பாடுவது போன்ற சத்தத்தைத்தான் நாங்கள் கேட்டிருந்தோம்.

அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. “மாதா திருவிழாவுக்கு மைக்செட் வருதுல்ல? அன்னைக்கும் இது பாடலன்னா திருச்சியில வித்துட்டு கடலக்காட்டுக்கு வந்து சேரு” என்றார்.

“சரிண்ணே” என்றார் சித்தப்பா.

திருவிழா என்றால் எங்கள் ஊரில் எல்லாம் மின்ன வேண்டும். கோயில் மணியிலிருந்து வீட்டுச் சொம்பு வரை புளி போட்டுத் தேய்ப்போம். மாதாவுக்கு முன்னால் துருக்கம்பியோடு உட்காரலாமா? சித்தப்பா பழைய எஃகுக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, தம்புராவுக்குப் போடும் பித்தளைக் கம்பிகளை வாங்கி மாட்டினார். பொன்னாக மின்னியது. பழைய கம்பிகளால் அம்மா கோழிக்கூட்டுக் கதவைக் கட்டினாள்.

திருவிழா மாலையில், மாதா சப்பரம் கிளம்புமுன் பங்குச் சாமியார் கால் மணி நேரம் கொடுத்தார். மைக்செட் பாட்டரியில் ஓடியது. ஒலிபெருக்கிக் குழாயைப் புளியமரத்தில் கட்டியிருந்தார்கள். சித்தப்பா மீட்டினார். குழாயில் ஒன்றுமில்லை. மறுபடி மீட்டினார்.

“என்னா பட்டாளத்தாரே, ஊமப் பொண்ணையா கூட்டியாந்தீங்க?” என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக்செட்காரர் குறட்டோடு குனிந்தார். கம்பிகளுக்கு அடியில் இருந்த காந்தம் குறட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டது. புளியமரம் ‘டொம்’ என்றது. பித்தளைக்கு வாய் திறக்காதது இரும்புக்குத் திறந்துவிட்டது!

“சித்தப்பா, அதுக்கு இரும்புதான் கேக்குது! பழைய கம்பிய எடுத்தாறேன்!” என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டு ஓடினேன்.

கூட்டைப் பிரித்ததில் மூன்று கம்பிகள் தேறின. கோணல் மாணலாக, கோழி எச்சத்தோடு. சித்தப்பா துடைக்கக்கூட இல்லை. மாட்டி, முறுக்கி, மீட்டினார்.

காக்கைகள் கூட்டமாகக் கிளம்பின. மாதா பாட்டு ஊர் எல்லை வரை போயிற்று. சப்பரம் தூக்க நின்றவர்கள் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பெண்கள் தாமாகவே கூடப் பாடினார்கள். கேலி செய்தவரே “இன்னொண்ணு வாசிங்க மாப்ள” என்றார். கால் மணி ஒரு மணியாயிற்று. சித்தப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். அவ்வளவு பேரின் தலைகளை நான் மேலிருந்து பார்த்தது அன்றுதான்.

கூட்டம் கலைந்ததும் அப்பா கிட்டாரைத் தன் துண்டில் சுற்றிச் சித்தப்பாவிடம் நீட்டினார். “சரி, வச்சிக்க.”

ஜெயித்துவிட்டோம், இனிமேல் சித்தப்பா காட்டுப் பக்கமே போக வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இரண்டு சொற்கள் அண்ணன் தம்பிக்குள் என்ன செய்தன என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே சித்தப்பா களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் கடலைக்காட்டுக்குப் போனார்.