எங்கள் வயலில் உருண்ட பந்து

நாற்பத்தைந்து வயதுவரை எனக்குக் கால்பந்து தெரியாது. கணவர் கல்ஃபில் இருந்தார். எங்கள் ஊரான கொல்லயிலில், நிலச் சீர்திருத்தத்தில் நிலவுடைமையாளரான ஜன்மியிடமிருந்து எங்களுக்குக் கிடைத்த வயலில் அறுப்பு முடிந்ததும் ஊர்க்காரர்கள் பந்து விளையாடினார்கள். பசுவைக் கட்டப் போனவள் பார்த்து நின்றுவிட்டேன். எங்கள் ஊர் அணியின் கோல் காக்கும் கோலி பாய்ந்து பந்தைப் பிடித்தபோது, என்னை அறியாமல் கூவினேன். பிறகு ஓர் ஆட்டத்தையும் விடவில்லை.

கொழுந்தன் வந்தார். “மயினி, ஆணுங்களுக்க எடையில நின்னு கூவுனா மானக்கேடாக்கும்.”

“ஜன்மிக்க வயலா இருந்தப்போ வரப்புல நிக்கவே பயந்தோம். இப்போ நம்ம வயலாக்கும். கூவத்தான் செய்வேன்.”

மறுநாள் நாற்காலி கொண்டுபோய் முன்னால் உட்கார்ந்தேன்.

விடுமுறையில் வந்த கணவரிடமும் கொழுந்தன் புகார் சொன்னார். கணவரோ என்னிடம் கேட்டார்: “இன்னைக்கு நம்ம டீமுக்கு களி உண்டா?”

இருவரும் ஆட்டம் பார்க்கப் போனோம். அவர் தடுத்திருந்தாலும் நான் போயிருப்பேன்.