சுண்ணாம்புக்கு இன்னொரு பெயர்

டயாலிசிஸ் சென்டர் வேலை என்பது, சொந்தக்காரர்களைவிட அதிகமாகப் பழகிவிட்டவர்களுக்கு ஊசி குத்துகிற வேலை. நீங்களும் என்னைப்போல ஒரு 'மிஸ்ஸி'யாக, அதாவது தாதியாக இருந்தால், இல்லை வீட்டில் ஒரு சிறுநீரக நோயாளியை வைத்துப் பார்த்திருந்தால், நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நான் இருப்பது மலேசியாவில், கிள்ளானில்.

வெற்றிலை இல்லாமல்

எங்கள் நோயாளி லெட்சுமி அக்கா, பந்திங் பாசாரில் காய்கறி விற்றவர். சிறுநீரகம் போனவர்களுக்குச் சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸ் இரத்தத்திலேயே தங்கிவிடும். அதைத் தடுக்கச் சோற்றோடு மென்று தின்ன ஒரு வெள்ளை மாத்திரை உண்டு.

அதை அக்கா கையில் கொடுத்து, "கால்சியம் கார்பனேட்" என்றேன். விழித்தார். "சுண்ணாம்புதான்கா" என்றேன். மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெத்தலையும் வேணாம், பாக்கும் வேணாம்னு டாக்டர் நிறுத்திட்டாரு. சுண்ணாம்ப மட்டும் கையில குடுக்கிறீங்களே, மிஸ்ஸி!"

பெயர் வந்த கதை

பக்கத்து நாற்காலியில் மணியம் சார். இடைநிலைப்பள்ளியில் இரசாயனம் கற்பித்தவர். சர்க்கரை வியாதி இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டது. மனைவி தவறியபிறகு ரவாங் வீட்டை விற்றுவிட்டு, கிள்ளானில் ஒரு வாடகை அறையில் இருந்தார்.

அக்கா சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "சரியாத்தான் சொல்றீங்க. லத்தீன்ல 'கால்க்ஸ்'னா சுண்ணாம்பு. அதுல இருந்து பிரிச்செடுத்த உலோகத்துக்குக் கால்சியம்னு பேரு வச்சாங்க."

"உலோகமா? இரும்பு மாதிரியா சார்?"

"வெள்ளி மாதிரி மின்னும்கா. ஆனா எந்த மண்ணுலயும் அது தனியா கிடைக்காது. எலும்பு, சிப்பி, பாறைன்னு எதோடயாவது சேர்ந்துதான் இருக்கும்."

அக்கா வியந்துபோய், "தனியா இருக்கவே இருக்காதா?" என்று கேட்டார்.

"அதுக்கு முடியாதுக்கா. எனக்குத்தான் பழகிப்போச்சு."

பால் டின்

ஒருசமயம் அக்காவின் இரத்தத்தில் பாஸ்பரஸ் எகிறிவிட்டது. உடம்பெல்லாம் அரிப்பு, சொறிந்து சொறிந்து கை புண்ணாகியிருந்தது. பூச்சோங்கிலிருந்து அவரை அழைத்துவரும் மகள் செல்வியிடம் என்ன கொடுக்கிறாள் என்று விசாரித்தேன். அம்மாவுக்குக் கால்சியம் மாத்திரை எழுதியிருக்கிறார்கள், அப்படியானால் எலும்பில் சத்து குறைந்திருக்கும் என்று அவளாகவே நினைத்து, கால்சியம் அதிகமுள்ள பால்மாவு வாங்கித் தினமும் கலக்கிக் கொடுத்திருக்கிறாள். பாலில் பாஸ்பரஸும் அதிகம் என்றதும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். "டின்ல கால்சியம்னு பெருசா போட்டிருந்துச்சே, மிஸ்ஸி!"

உள்ளே போய் அக்காவிடம் கோபப்பட்டேன். பால் கூடாதென்று அவருக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம்.

"தெரியும் மிஸ்ஸி. வேலைக்குப் போற அவசரத்துலயும் ஆத்திக் குடுக்கிறா. பிள்ள முகத்தப் பாத்து எப்படி வேணாம்னு சொல்றது?"

அட்மிட்

கொஞ்ச மாதத்தில் அக்காவுக்கு இருதயம் நின்றுவிட்டது. சென்டரில் ஒரு வழக்கம் உண்டு: யாராவது இறந்தால் மற்ற நோயாளிகளிடம் சொல்லமாட்டோம். மனம் உடைந்து, அவர்களும் வராமல் போய்விடுவார்களோ என்று பயம்.

சார் பக்கத்து நாற்காலியின் பக்கம் தலையைத் திருப்பி, "அக்கா வரலியா?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரில அட்மிட், சார்" என்றேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. ஊசி போட வசதியாகக் கையை நீட்டிக் கொடுத்தார்.

"இங்க எல்லாரும் அட்மிட்தான் ஆவுறாங்க, மிஸ்ஸி. டிஸ்சார்ஜ் ஆகி வந்த ஒருத்தர் குரலக்கூட நான் இன்னும் கேட்டதில்ல லா."

மருந்தின் பெயரை நோயாளிக்குப் புரியும்படி சொல்ல எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கண் தெரியாத ஒருவரிடம் முகத்தை எப்படி மறைப்பது என்றுதான் யாரும் சொல்லித்தரவில்லை.