எந்த ஆபீஸ் டீ?

ஆழ்வார்பேட்டையில் ஒரே மாடியில் எதிரெதிராக இருக்கும் இரண்டு ஆபீசுக்கும் டீ போடுகிறவள் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் மரியாதையில் குறை வைத்தால் பொறுக்க மாட்டேன். வெறுமனே "ஆயா, டீ" என்று கத்தினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எந்த ஆபீஸ் என்று சொல்லிக் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பேன்.

இடது பக்க ஆபீசில் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக அடுக்குவார்கள். அங்கே புதிதாகச் சேர்ந்த பெண் அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை. நாலு மணிக்குள் ஒரு புத்தகத்தை முடித்துக் காட்டினால்தான் வேலை நிலைக்கும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அவள் பட்டனை அழுத்த அழுத்த வெள்ளைப் பக்கமே வந்தது. மேனேஜர் வயரை ஆட்டிப் பார்த்தார். மிஷினை அணைத்து மறுபடி போட்டார். கடைசியில் என் சாம்பிராணிப் புகையின்மேல் பழி போட்டார்.

"பொகை போட்டது செவ்வாக்கெழம சார். இன்னிக்கு இன்னா கெழம?" என்றேன். போய்விட்டார்.

"இன்னா கண்ணு பிரச்சினை? எனக்குப் புரியிற மாரி சொல்லு. அப்பத்தான் டீ" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"இந்த ஃபைல்ல புத்தகம் முழுக்க இருக்கு ஆயாம்மா. ஸ்டைல்ஷீட்டுன்னு இந்த இன்னொரு ஃபைல் 'தலைப்பே வா, பாராவே வா'ன்னு ஒண்ணொண்ணாக் கூப்பிட்டு பக்கத்துல ஒக்கார வைக்கணும். ஒண்ணுகூட வரல. தப்புன்னும் சொல்ல மாட்டேங்குது."

"அதுங்கல்லாம் எந்த ஆபீஸ்?"

"ஆபீசா?" சிரித்தபடி ஃபைலின் உச்சிக்குப் போனாள். அங்கே நீளமாக ஒரு வரி. "இதோ, நேம்ஸ்பேஸ். கீழ இருக்கிறதெல்லாம் இந்த வீட்டைச் சேர்ந்ததுன்னு..." என்று இழுத்தவள் சட்டென்று ஸ்டைல்ஷீட்டைத் திறந்தாள்.

"நீ வூட்டைச் சொல்லிக் கூப்ட்டியா? மொட்டையா கூப்ட்டா நானே வர மாட்டேன். அதுங்களுக்கு மட்டும் ரோசம் இருக்காதா?"

"ஐயோ ஆயாம்மா!"

அந்த நீள வரியை ஸ்டைல்ஷீட்டிலும் எழுதி, அதற்குச் சின்னதாக ஓர் அடையாளம் வைத்தாள். கூப்பிடுகிற ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் அதை ஒட்டினாள். தலைப்பு வந்தது. பாரா வந்தது. அடிக்குறிப்பு மட்டும் வரவில்லை.

"அத்த மட்டும் மொட்டையா உட்டுட்டியா?"

விட்டிருந்தாள்.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மேனேஜர் எல்லாப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஐடி கார்டுக்கு போட்டோ கொண்டாம்மா" என்றார். அந்தப் பெண் அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்தாள். காலையில் கட்டிய லெமன் சாதம்.

உள்ளேயிருந்து மேனேஜர் குரல் வந்தது: "ஆயா, டீ!"

அவள் வாய் நிறையச் சாதத்தோடு என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, குரல் இறங்கி வந்தது: "இந்த ஆபீசுக்குத்தான் ஆயாம்மா."

எழுந்தேன்.